அத்தானின் தொட்டியில் தீராத களை

வலங்கைமான் கடைத்தெருவில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். வெற்றிலை வேண்டாம், பாக்கு வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் கொடுங்கள் என்று வாரத்துக்கு இரண்டு தடவை வந்து நிற்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பார்? ரோஸ் நிறம் கலந்தது கூடாது, வாசனை போட்டது கூடாது, வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று நிபந்தனை வேறு. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "என்னண்ணே, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?" அத்தான் வீட்டு மீன்தொட்டியில் களை மண்டிவிட்டது, அதற்கு இதுதான் மருந்து என்றேன். "அப்ப மீனெல்லாம் தாம்பூலம் போடுதுன்னு சொல்லுங்க" என்று கடையே அதிரச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. காலையிலிருந்து வயலில் நின்றுவிட்டு, அடுத்த களைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மஸ்கட்டில் இருபது வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். ஊருக்குத் திரும்பி வந்தபோது மற்றவர்கள் தங்கமும் டிவியும் கொண்டுவந்தால், இவர் ஒரு பைத்தியத்தைக் கொண்டுவந்தார். கூடத்தில் ஐந்தடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் கடல். வெறும் மீன் இல்லை, உயிருள்ள பவளம். சென்னைக் கடையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பொத்தான் பொத்தானாக, காளான் காளானாகப் பாறைமேல் ஒட்டி வளர்த்தார். கடலுக்கும் எங்களுக்கும் இரண்டு மணி நேரப் பயணம். சுற்றிலும் நெல்லும் வாய்க்காலுமாக இருக்கிற ஊரில், தண்ணீரைச் சுத்திகரித்து அதில் மறுபடி உப்பைக் கரைக்கிற மனிதரை என்னவென்று சொல்வது? நான் பைத்தியம் என்றுதான் சொன்னேன், முகத்துக்கு நேராகவே. அவருக்கு அதில் வருத்தமில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் யாரும் அவரை அதிகம் கடிந்துகொள்ளவும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் கும்பகோணத்தில் டயாலிசிஸ். காலையில் அக்காவும் அவரும் கிளம்பிப் போனால் மதியம் தாண்டித்தான் வருவார்கள். இடது கையில் ஊசி ஏற்றுவதற்காக நரம்பை இணைத்து வைத்திருந்ததால், அந்தக் கையைத் தொட்டித் தண்ணீரில் நனைக்கவே கூடாது, முடிந்தால் எந்தக் கையையும் நனைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தொட்டி என் தலையில் விழுந்தது. நான் பக்கத்துத் தெருவில் இருந்தேன், ஒன்பது மா நிலத்தில் சாகுபடி செய்துகொண்டிருந்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, வலது கையால் டார்ச் அடித்துக் காட்டுவார். நான் தோள்வரை கைவிட்டு வேலை செய்வேன். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீருக்குமேல் அவர் குடிக்கக் கூடாது. "எனக்கு உங்க அக்கா அளந்து ஊத்துறா மாப்ள, இதுங்களுக்கு நான் அளந்து ஊத்துறேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கிற எனக்குத்தான் தொண்டை வறண்டுவிடும்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னாள். சொன்னாள் என்பது தவறு, அறிவித்தாள். ரத்தப் பிரிவு பொருந்தியது, மற்றப் பரிசோதனைகளும் பொருந்தின. தஞ்சாவூரில் ஒரு பெரிய டாக்டர், தாராளமாகச் செய்யலாம், தள்ளிப்போடாமல் செய்தால் நல்லது என்றார். ஒன்று மட்டும் கூடவே சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள், அப்போது வீட்டில் இப்படி ஒரு தொட்டி இருக்கக் கூடாது, அந்தத் தண்ணீரில் என்ன கிருமி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அக்கா வீட்டுக்கு வந்ததும் தொட்டியைப் பார்த்து, "நாளைக்கே காலி பண்ணிடுங்க" என்றாள். அத்தான் மறுக்கவில்லை. தஞ்சாவூரில் தனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் இதே பைத்தியம் பிடித்தவர் என்றும், பவளம், மீன் எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொள்ளத் தயார் என்றும் சொன்னார். ஆனால் அவர் கறாரான ஆளாம். களை ஒன்றுகூட இருக்கக் கூடாதாம், இருந்தால் வாசற்படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம். "வளர்த்த உசிரு, சாக்கடையில ஊத்த மனசு வரல. சுத்தம் பண்ணி ஒரு கையில குடுத்துட்டு வந்துடறேன், ஆபரேஷன வச்சுக்கலாம்" என்றார். அக்கா யோசித்துவிட்டு, ஆவணி என்று நாள் குறித்தாள். அப்போது ஆனி மாதம்.

அந்தக் களைக்கு ஐப்டேசியா என்று பெயர். செடி இல்லை, கடல்சாமந்தி என்கிற பிராணி இனம். பழுப்பு நிறத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் இதழ்களை விரித்துக்கொண்டு பாறையில் நிற்கும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் பவளத்தை அந்த இதழ்களால் கொட்டிக் கொட்டிச் சுருங்க வைத்து, அது செத்ததும் அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். எப்போதோ வாங்கிய பவளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். நான் பார்க்கும்போது மொத்தம் எட்டு இருந்தன. எட்டே எட்டுதான்.

ஒரு வியாழக்கிழமை அவர்கள் கும்பகோணத்துக்குப் போயிருந்தபோது, அக்காவுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று அந்த எட்டையும் நானே எடுத்துவிட முடிவு செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. முப்பது வருஷமாகக் களை பறித்த கை, எட்டுக் களை ஒரு பொருட்டா? கையை விட்டு ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடுங்கினேன். வழவழவென்று நழுவிப் பிய்ந்து பிய்ந்து வந்தது. பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் நடவு வயலில் களை பறித்தால் கரைக்குக் கொண்டுபோய்ப் போடமாட்டோம். அப்படியே சுருட்டிக் காலடிச் சேற்றில் மிதித்து அழுத்திவிடுவோம், அழுகிப் பயிருக்கு எருவாகும். என் கை அதைத்தான் செய்தது. பிடுங்கியதை எல்லாம் கட்டைவிரலால் தொட்டியின் மணலில் ஆழமாக அழுத்திப் புதைத்தேன். கை கழுவிவிட்டு, வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு வயலுக்குப் போனேன்.

பிய்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு முழு உயிராக முளைக்கும் சாதி அது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆடி மாதக் கடைசியில் பார்த்தால் மணலில், பாறையில், கண்ணாடி ஓரத்தில், பம்பின் வாயில், எங்கு பார்த்தாலும் பழுப்பு இதழ்கள். எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். நான் செய்ததைத் தலைகுனிந்து சொன்னபோது அத்தான் இருமல் வருகிறவரை சிரித்தார். "களை எடுக்கப் போன ஆளு நடவு நட்டு வச்சிருக்கியே மாப்ள!" அக்கா சிரிக்கவில்லை. "வயல்ல மட்டும் ஒழுங்கா எடுக்கிறியா, இல்ல அங்கேயும் இதே லட்சணமா?" என்றாள். ஆவணி போயிற்று.

அதன் பிறகு நடந்ததை நினைத்தாலே எனக்கு இன்றும் உடம்பு வலிக்கிறது. சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு களையின் வாயிலும் சொட்டு வைக்க வேண்டும். தொட்டால் சுருங்கிப் பாறைப் பொந்துக்குள் ஒளிந்துகொள்ளும். அது மறுபடி விரிகிறவரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பத்துக்குமேல் வைத்தால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீன் செத்துப்போகும். நான் பத்தைக் கொல்வதற்குள் அது பதினைந்தாகப் பெருகும். களையைத் தின்னும் என்று சென்னையிலிருந்து ஒருவகை இறால் வரவழைத்தார் அத்தான். அந்த மகராசர்கள் மீனுக்குப் போட்ட தீனியைத் தின்றுவிட்டுக் களைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் நின்றபோது அங்கே வடிகால் வெட்டிவிட்டு, சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டு வந்து இங்கே சிரிஞ்சைப் பிடித்தேன். என் தப்புக்கு நான்தானே பரிகாரம் செய்ய வேண்டும்?

அக்கா அவளுடைய பங்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எடை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் தினமும் காலையில் குடமுருட்டி ஆற்றங்கரையில் நடந்தாள். காபிக்குச் சர்க்கரையை நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். ஆவணி என்றது கார்த்திகை ஆயிற்று, கார்த்திகை என்றது தை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, "இன்னும் எத்தனைடா இருக்கு?" என்று கேட்பாள். அத்தான் டார்ச்சை அடித்துப் பாறை மறைவில் ஒன்றைக் காட்டுவார்.

தை அறுவடை முடிந்த கையோடு நான் மூர்க்கமாக இறங்கினேன். கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு களை இருந்த இடத்திலும் புள்ளி வைத்து, கொன்றதும் அழித்தேன். மாசி பிறந்தபோது புள்ளி ஒன்றும் இல்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனாள். அத்தான், "ஒரு பத்து நாள் பார்ப்போம் மாப்ள, இதை நம்ப முடியாது" என்றார். அவர் சொன்னது பலித்தது. ஐந்தாம் நாள் சுத்தமான பாறையில் மூன்று முளைத்திருந்தன. கொன்றேன். மறு வாரம் இரண்டு. கொன்றேன். அதற்கடுத்த வாரம் நான்கு.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, அவர்கள் போயிருந்த நேரம், பம்பு உறுமிக்கொண்டே இருந்தது. தொட்டிக்குக் கீழே மரப்பெட்டிக்குள் தண்ணீரை வடிகட்டுவதற்கு இன்னொரு சின்னத் தொட்டி உண்டு. கதவைத் திறந்து பம்பைக் கழற்றிப் பாசியைத் தேய்த்தேன். திரும்ப மாட்டும்போது தடுப்புக்குப் பின்னால் கையில் எதுவோ தட்டியது. அரிசி அளக்கிற பிளாஸ்டிக் குவளை. பக்கத்தில் துளை போட்டு, தண்ணீர் உள்ளே வந்துபோகும்படி கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. உள்ளே ஒரு கல். கல்லின்மேல் ஆறு ஐப்டேசியா, நான் அதுவரை பார்த்திராத அளவுக்குக் கொழுத்து, இதழ் விரித்து நின்றன. அவற்றின் நடுவே மீன்தீனித் துணுக்குகள் கிடந்தன. குவளைக்குப் பக்கத்தில் நீளமான டிராப்பர் ஒன்று சொருகியிருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. எட்டு மாதமாக என் முதுகை ஒடித்தவர் இவரா என்று பற்றிக்கொண்டு வந்தது. களை என்ற ஒன்று இருக்கிறவரைக்கும் தொட்டி போகாது, தொட்டி இருக்கிறவரைக்கும் ஆபரேஷன் இல்லை. அக்காவிடம் முடியாது என்று சொல்லி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் கிடையாது. அத்தானுக்கு அது தெரியும். அதனால் அவர் வாயைத் திறக்காமல், இங்கே வளர்த்ததை டிராப்பரால் மேல்தொட்டியில் விடும் இந்த வழியைப் பிடித்திருக்கிறார். குவளையை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மதியம் அவர்கள் வந்தார்கள். அக்கா சமையலறைக்குப் போனதும் அத்தான் பம்பின் உறுமல் நின்றுபோனதைக் கவனித்தார்.

"பம்பைக் கழட்டினியா மாப்ள?"

"ஆமாங்க அத்தான்."

"உள்ள எல்லாம் பார்த்தியா?"

"பார்த்தேன்."

டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவருடைய முகம் சாம்பல் பூத்துப்போயிருக்கும். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒரு ஊசி போட்டாலே அவளுக்கு ரெண்டு நாள் கை வீங்கிக் கிடக்கும். நான் எப்படியும் கொஞ்ச நாளைக்குத்தான். அவளையும் அறுத்துப் போட்டு, நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா யாருடா பார்ப்பா? உனக்கு இருக்கிறது ஒரே அக்கா."

உள்ளேயிருந்து அக்கா, "என்னடா, பம்புல என்ன கோளாறு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, பாசி. எடுத்துட்டேன்" என்றேன்.

இதைத்தான் நான் எழுத வந்தேன். அவர் கெஞ்சியதால் நான் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு வருஷமாக அப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், அது பொய். எனக்குப் பயமாக இருந்தது. எங்களுக்கு அம்மா இல்லாமல் போனபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினான்கு. என் தலையில் எண்ணெய் வைத்துச் சீவிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போவதை ஒவ்வொரு நாளும் நினைத்து நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அத்தான் பிழைக்க வேண்டும் என்று நான் சுண்ணாம்பு குழைத்ததும் உண்மை. அக்காவைக் கத்தி தொடக் கூடாது என்று நான் விரும்பியதும் உண்மை. அந்தக் குவளையைப் பார்த்ததும், கோபத்துக்கு அடியில், அப்பாடா என்றிருந்தது.

அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தே நடித்தோம். அவர் டிராப்பரால் விட்டதை நான் சிரிஞ்சால் கொன்றேன். வாரத்துக்கு மூன்று, நான்கு. அக்கா வந்து கேட்பாள், அவர் டார்ச் அடித்துக் காட்டுவார், நான் கவலையாக உதட்டைப் பிதுக்குவேன். சுண்ணாம்பு வாங்கப் போவதையும் நிறுத்தவில்லை. சித்திரை, வைகாசி, ஆனி. அவள் அப்போதும் ஆற்றங்கரையில் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை, கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அத்தானுக்கு நெஞ்சு அடைத்தது. வந்த காரிலேயே மறுபடி ஏற்றினோம், தெருமுனையைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தஞ்சாவூர்ப் பேராசிரியருக்கு நான் போன் செய்தேன். ஐஸ் பெட்டிகளோடு வந்தார். சாதுவான மனிதர், அத்தான் சொன்ன கறார் எதுவும் அவர் முகத்தில் இல்லை. பவளத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவரிடம் நேர்மையாக இருக்க வேண்டுமே என்று அவள்தான் சொன்னாள். "சார், உள்ள ரெண்டு மூணு களை இன்னும் இருக்கும். ஒண்ணு இருந்தாக்கூட எடுத்துக்க மாட்டீங்கன்னு அவங்க சொல்லுவாங்க. எங்களால முடிஞ்சது இவ்வளவுதாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நானாம்மா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்? என் தொட்டியிலேயே எக்கச்சக்கமா கெடக்கே. ஐப்டேசியா இல்லாத தொட்டி எதும்மா இருக்கு? எப்ப வேணா வந்து எடுத்துக்கிறேன்னு நான் போன வருஷமே சார்கிட்ட சொல்லிட்டேனே."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

அவள் உள்ளே போய்ப் பேராசிரியருக்குக் காபி போட்டு எடுத்துவந்து கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இப்போது அந்தக் கூடத்தில் தையல் மெஷின் இருக்கிறது. நான் தினமும் போகிறேன், அவள் சாப்பாடு போடுகிறாள், நெல் விலை பேசுகிறோம், மோட்டார் ரிப்பேர் பேசுகிறோம். அத்தானைப் பற்றிப் பேசுவதில்லை. போன மாதம் அவளுக்குக் காலில் வீக்கம் கண்டது. பயந்துபோய்க் கும்பகோணத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, அதிக நேரம் மெஷினில் உட்காராதீர்கள், மற்றபடி ஒன்றுமில்லை என்றார். இந்த வயதுக்கு இரண்டு சிறுநீரகமும் பிரமாதமாக வேலை செய்கின்றன என்றும் சிரித்த முகமாகச் சொன்னார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும், "கேட்டியாக்கா, ரெண்டும் நல்லா இருக்காம்" என்றேன்.

அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டை நாலாக மடித்தாள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"எனக்கு எதுக்குடா ரெண்டு?"